மூன்றாவது பலகை

எந்த நாடு, எந்தக் காலம் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஒரு ராஜா இருந்தார். புது ஏரி வெட்டினார். கதைக்கு அது போதும்.

ஏரி மதகைத் திறப்பது எப்படி என்று ஓலை எழுதியவர் தத்தப்பர். அரண்மனையின் தலைமை ஓலைக்காரர். மதகு கட்டும் முன்பே, வரைபடத்தைப் பார்த்து எழுதி முடித்துவிட்டார். அத்தனை சுறுசுறுப்பு. ராஜாவும் முத்திரை வைத்தார். பிறகு தோண்டினால் பாறை. மூன்று பலகை வைக்கவேண்டிய மதகை இரண்டு பலகையோடு முடித்தான் சிற்பி. ஓலையைத் திருத்தவேண்டுமே? தத்தப்பர் ஏரிப் பக்கமே போகவில்லை. வெயிலாம்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. கரை உடையப் பார்த்தது. மதகுக் காவலன் காடப்பன் இரண்டு பலகையையும் தூக்கினான். ஊர் பிழைத்தது.

மறுநாள் தத்தப்பர் சபையில் குதித்தார்.

"மகாராஜா! 'முதலில் நடுப்பலகையைத் தூக்கு' என்கிறது ஓலை. இவன் முத்திரை ஓலையை மீறினான். நாடு கடத்துங்கள்!"

"சாமி, இருக்கிறதே ரெண்டு. அதில் நடு எது?" என்றான் காடப்பன்.

ராஜா நெளிந்தார். ஊரைக் காத்தவனைத் துரத்த மனமில்லை. தன் முத்திரையைத் தப்பென்று சொல்லவும் வாய் வரவில்லை.

சபையின் குறும்புக்காரர் எட்டியப்பர் எழுந்தார்.

"முத்திரை பொய்யாகாது மகாராஜா. அப்படியானால் மூன்று பலகை மதகு எங்கோ இருக்கிறது. அதற்கும் காவல் வேண்டாமா? இரண்டு பலகை மதகைக் காடப்பன் பார்க்கட்டும். மற்றதற்குத் தத்தப்பரை அனுப்புங்கள். அது இருக்கும் இடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்."

"பலே! இன்றே கிளம்பும் ஓய்!" என்றார் ராஜா.

தத்தப்பர் மெல்லக் கேட்டார். "அங்கே... தங்குவதற்கு வீடு?"

"உண்டு," என்றார் எட்டியப்பர். "ஓலையில்."

"சாப்பாடு?"

"மூன்று வேளையும் எழுதித் தருகிறோம். பாயசத்தோடு. முத்திரையும் உண்டு."

தத்தப்பர் வயிற்றைத் தடவினார். அவ்வளவுதான்.

"யாரங்கே, எழுத்தாணி கொண்டு வா! ஓலையில் மூன்றாவது பலகையை இப்போதே அடித்துவிடுகிறேன்!"

"இங்கே உட்கார்ந்தா? மறுபடியுமா? ஏரிக்குப் போய், மதகைப் பார்த்து அடியும்," என்றார் எட்டியப்பர்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காடப்பனுக்குப் பட்டு வேட்டி கொடுத்தார். "உமக்கு என்ன வேண்டும் எட்டியப்பரே?"

"அந்தப் பாயசம்தான் மகாராஜா. ஓலையில் வேண்டாம். இலையில்."