தேய்ந்த ஃப்ரெட்டுகள்

மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் சோம்பேறிகளுக்காகப் பிறந்தது என்று நல்லவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. கழுத்தில் குறுக்கே ஓடும் ஃப்ரெட் மேடுகளில் கம்பியை விரலால் அழுத்தாமல், கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கத்தான் அதைப் படுக்கவைக்கிறார்கள்.

கோடம்பாக்கத்தில் வாத்தியம் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சூசை வேலை பார்த்தான். வித்வான் என்று பெயரெடுத்த தனபாலசிங்கம் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிப்போன கிட்டாரோடு ஒருநாள் அங்கே வந்து, சூசையைக் காட்டிக் கத்தினார்.

“என் பழைய அலுமினிய ஹவாயன் கிட்டாரை இவன் மாத்திட்டான்! முப்பது வருஷம் அழுத்தி வாசிச்சு என் ஃப்ரெட்டெல்லாம் தேஞ்சிருந்தது. இதுல தேயவே இல்லை. போலீசைக் கூப்பிடுங்க!”

முதலாளி போனை எடுத்தார்.

“ஐயா, எப்படி அழுத்துவீங்கன்னு காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்றான் சூசை.

அவர் அழுத்தினார். உயரத்தில் நின்ற கம்பி ஃப்ரெட்டை எட்டவில்லை. விரல்தான் வெளுத்தது.

“மரத்துல செஞ்ச ஹவாயன் கிட்டார்ல ஃப்ரெட்டை வெறும் கோடா வரைஞ்சிருப்பாங்க. அலுமினியத்துல மேடா வார்த்திருப்பாங்க. ரெண்டுமே இடம் பார்க்கத்தான் ஐயா. முப்பது வருஷமா எட்டாதது இன்னிக்கா எட்டப்போகுது?”

முதலாளி போனைக் கீழே வைத்தார்.

விரல் வலி காரணமாக ஞாயிற்றுக்கிழமை தனபாலசிங்கத்தின் கச்சேரி இல்லை என்று சபா வாசலில் எழுதிப்போட்டார்கள்.