அபரஞ்சிக்குக் காது குத்திய கதை

முன்னொரு காலத்தில் மருதவெளி என்ற நாட்டை மங்கபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஓர் ஆணை, மாலையில் அதற்கு நேர் எதிராக ஓர் ஆணை என்று அவர் போட்டுக்கொண்டே போவார். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவர் மந்திரி ஆண்டியப்பர். பாவம், மனிதர் அலுத்துப் போயிருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்தால் உட்கார நேரம் கிடைக்காது.

ராஜாவுக்கு ஒரே மகள், அபரஞ்சி. வயது ஏழாகியும் காது குத்தவில்லை. முகூர்த்தம் குறித்து, பந்தல் போட்டு, மேளம் கொட்டியது பலமுறை நடந்தது. பொன்வேலை செய்யும் பத்தர் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு அலறும். "நிறுத்துங்கள், நாள் சரியில்லை!" என்பார் ராஜா. விருந்தைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

ஒரு நாள் சபையில் ராஜாவுக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து நாட்டு ராணி, "உங்கள் வீட்டில் மூளிக்காதுதான் வழக்கமோ?" என்று கேட்டுவிட்டாளாம்.

"நாளைக் காலை குத்தியாக வேண்டும். கையையும் காலையும் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்!"

முதலில் முன்னால் வந்தவர் தளவாய் வீரபுத்திரர். மங்கபதியின் ராணிக்குத் தம்பி, குழந்தைக்குத் தாய்மாமன். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"நான் பிடிக்கிறேன் மகாராஜா! எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. இதற்குப் போய் மந்திரியார் இத்தனை காலம் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாராக்கும்!"

ஆண்டியப்பருக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. ஆனால் தூணுக்குப் பின்னால் நின்ற குழந்தையின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் இந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காதே என்று நெஞ்சு பதறியது.

"மகாராஜா, யாரும் பிடிக்காமலே உட்காருவாள். பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

"உட்காராவிட்டால்?"

"என் முத்திரை மோதிரத்தைத் தளவாய்க்குக் கொடுத்துவிடுங்கள்."

தளவாய்க்கு அப்போதே விரல் அரித்தது.

சாயங்காலம் ஆண்டியப்பர் நந்தவனத்துக்குப் போனபோது, அபரஞ்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குமா மந்திரியாரே?"

"வலிக்கும் தாயி."

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். அரண்மனையில் இதுவரை ஒருத்தரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

"வலிக்காதுன்னு மாமா சொன்னாரே?"

"அப்ப நாளைக்கு அவர் முதல்ல குத்திக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. அப்புறம் உட்கார்றதும் உட்காராததும் உங்க இஷ்டம்."

"உட்காரலேன்னா உங்க மோதிரம் போயிடுமே?"

"போகட்டும். கனமாத்தான் இருக்கு."

மறுநாள் மண்டபம் நிறைய ஜனம். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்காக மடியைத் தட்டினார் தளவாய். ஆண்டியப்பர் எழுந்தார்.

"தளவாய் அவர்களே, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்றீர்கள். தங்கள் காதுத் துளையும் தூர்ந்துதான் கிடக்கிறது. முதலில் தங்களுக்கே ஆகட்டும். குழந்தை பார்த்துத் தெம்படையட்டும்."

"எனக்கா? எனக்கு எதற்கு? போர்க்களத்தில் நான்..."

"பலே யோசனை! பத்தரே, குத்தும்!" என்றார் ராஜா.

பத்தர் ஊசியை விளக்குச் சுடரில் காட்டித் துடைத்தார். தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது. வாள் வீசும்போது படுகிற காயம் வேறு. சும்மா உட்கார்ந்து, ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. அபரஞ்சி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, பயமா இருக்கா?"

தளவாய் சபையைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "இருக்கும்மா," என்றார் மெதுவாக. "ரொம்ப இருக்கு."

"என் கையைப் பிடிச்சுக்கோங்க. வலிக்கும். கத்தணும்னா கத்திக்கோங்க. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க."

தளவாய் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் பறந்து போயின. அப்புறம் திறந்த வாய் மூடாமல், "முடிஞ்சிருச்சா? அவ்வளவுதானா?" என்று கேட்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. குழந்தை சிரிக்கவில்லை. பாவாடை நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, தானாகவே அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"குத்துங்க பத்தரே."

அலறத்தான் அலறினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தலை மட்டும் அசையவில்லை. காதில் பொன்வளையம் ஏறும்வரை ராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆயிற்றா? ஆயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனதும் தன் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பர் கழுத்தில் போட்டார். "மோதிரம் உம்முடையதே. தளவாயாரே, எறும்பு என்ற பேச்சு இனி உம் வாயில் வரக் கூடாது!" தளவாய் தலையைக் குனிந்துகொண்டார். மேளம் கொட்டியது. இலை போடச் சொல்லி ஆள் ஓடினான்.

ஆண்டியப்பர் பெருமூச்சு விட்டார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"மகாராஜா, இன்னொரு காது இருக்கிறது."

மேளம் நின்றது. ராஜாவின் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம், போதும்! இனிமேல் இந்த நாட்டில் ஒரு காதுதான் வழக்கம்!" என்றார்.

"ஒரு காதுதான் அழகு!" என்று சபையும் தலையாட்டியது.

ஆண்டியப்பர் குழந்தையைப் பார்த்தார். நேற்றுவரை அவள் தெரியாத வலிக்குப் பயந்தாள். இப்போது எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இதற்கு மேல் அவரிடம் ஒரு தந்திரமும் மிச்சமில்லை.

அபரஞ்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மாமா, கையைக் கொடுங்க. அப்பா, நீங்க கண்ணை மூடிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, மறுகாதைப் பத்தர் பக்கம் திருப்பினாள்.