அரசரைவிட நன்றாக நடந்த குற்றம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வெட்கப்படுவார்கள் என்பதற்காக நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டைக் கோதைவர்மர் என்னும் அரசர் ஆண்டுவந்தார். அறுபதைக் கடந்தவர். நாடே அவர் ஆணைக்கு அடங்கியது. வலது முழங்கால் மட்டும் அடங்கவில்லை. எழுந்தால் மூட்டு முறுகியது. நாலடி வைத்தால் சுளீரென்றது. நடந்தால்தானே வலிக்கிறது என்று அரசர் நடையையே விட்டுவிட்டார். பள்ளியறையிலிருந்து போஜன சாலைக்குக்கூடப் பல்லக்கு! நெய்யும் பாயசமும் மட்டும் குறையவில்லை. அசையாத மூட்டு இறுகியது. கூடிய உடம்பு அதை மேலும் அழுத்தியது.

ஒருநாள், காளைபோல் திடமான பிரதானி சிங்கண்ணர் சபைக்குள் நொண்டிக்கொண்டே வந்தார்.

"என்ன ஆயிற்று, பிரதானி?"

"மகாராஜாவின் மூட்டு நோகும்போது, அடியேன் மூட்டு மட்டும் சுகமாக இருக்குமா, பிரபு?"

அரசர் மனம் குளிர்ந்து தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்! மறுநாள் சபையே நொண்டியது. புலவர்கள் நொண்டினார்கள், தளபதிகள் நொண்டினார்கள், கவரி வீசுகிறவன்கூட நொண்டிக்கொண்டே வீசினான்.

நொண்டாதவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் அரசவை விகடர் குழைக்காதர். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையில் அரசரைத் தவிர மெய்யாகவே மூட்டு தேய்ந்தவர் அவர் ஒருவரே. இடது முழங்கால் அவரைப் பல வருடங்களாகப் படுத்தியது. அவரோ விடியலில் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். உயரமான முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சற்றே நிறுத்தி, மெல்ல இறக்குவார். தடியை வலக்கையில் ஊன்றிச் சமதரையில் நிதானமாக நடப்பார். ஆகவே மெதுவாக, ஆனால் நேராக நடந்தார்.

அதுவே குற்றமாயிற்று!

"பிரபு, பார்த்தீர்களா இவன் நடையை?" என்றார் சிங்கண்ணர். "மகாராஜாவைவிட நன்றாக நடந்து காட்டித் தங்களைப் பரிகாசம் செய்கிறான்!"

அரசர் சினத்தோடு எழ முயன்றார். முழங்கால் மறுத்தது. தொப்பென்று மீண்டும் அரியணையில் விழுந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்று முதல் எவனும் எம்மைவிட நன்றாக நடக்கக் கூடாது! குழைக்காதரே, மாசித் திருவிழாவன்று பார்ப்போம். அன்றும் நீர் எம்மைவிட நன்றாக நடந்தால், நாட்டின் எல்லைவரை நடந்தே வெளியேற வேண்டும். வண்டி கிடையாது. கழுதையும் கிடையாது!"

எல்லையோ மலைக்கணவாய்க்கு அப்பால். குழைக்காதர் தம் மூட்டை அறிந்தவர். சமதரை வேறு, மலைப்பாதை வேறு.

வீட்டில் மனைவி அங்கயற்கண்ணி, "ஊரே நொண்டுது. நீங்களும் கொஞ்சம் நொண்டித் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"பொய்யாக நொண்டினால் நல்ல மூட்டும் கெட்டுப்போகுமடி. அப்புறம் உன் தோளில்தான் ஏற வேண்டும்."

"நல்லாயிருக்கே! என் முட்டி படுற பாட்டை யார்கிட்டச் சொல்லி அழ?"

குழைக்காதர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நொண்டாமலே ஆணைக்கு அடங்க ஒரு வழி பளிச்சென்று தோன்றிவிட்டது!

மறுநாள் விடிந்ததும் அரண்மனை வாசலில் போய் நின்று, பல்லக்கில் வந்த அரசரை வணங்கினார்.

"பிரபு, ஆணையை நிறைவேற்ற வந்தேன். தங்களைவிட நன்றாக நடக்கக் கூடாது, சரி. தாங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று பார்க்காமல் நான் எப்படி அளவாக நடப்பது? தாங்களோ நடப்பதே இல்லை. நான் ஓரடி வைத்தாலும் அது தங்களைவிட நல்ல நடை! வீட்டிலிருந்து இங்கு வருவதற்குள்ளேயே எத்தனை குற்றம் செய்துவிட்டேன்! தயவுசெய்து கூடவே நடந்து காட்டுங்கள்."

தம் ஆணையில் தாமே மாட்டிக்கொண்ட அரசர் பல்லக்கிலிருந்து இறங்கினார். "தாமரைக் குளம்வரைதான்!"

"ஐயோ, தடியில்லாமல் வருகிறீர்களே! நான் தடியோடு முந்திவிடுவேன், பிரபு. ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கையில் வேண்டாம். நோகிற காலுக்கு எதிர்க்கையில் ஊன்றினால்தான் மூட்டின் பாரம் குறையும். நான் அப்படித்தான் ஊன்றுகிறேன். தாங்கள் ஊன்றாவிட்டால் அடியேன் குற்றவாளி!"

இப்படியே ஒவ்வொன்றும் நடந்தது. விகடர் கல்மேடையில் அமர்ந்து காலை நீட்டினால், அரசர் அதைவிட நேராக நீட்டியாக வேண்டும். விகடர் பாயசத்தை வேண்டாமென்றால், அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பத்தையும் சேர்த்து விலக்கினார். மூட்டு வீங்கிய நாளில் மட்டும் குழைக்காதர், "இன்று எனக்கும் ஓய்வு" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தார். சபைப் படிகளில், "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில், பிரபு" என்றார். அரசர் ஒருமுறை மாற்றி இறங்கிப் பார்த்து, "அம்மா!" என்று அலறியபின் அதை மறக்கவே இல்லை.

"கணவாயில் குளிர் அதிகமாமே, கம்பளி வாங்கிவிட்டீரா?" என்று சிங்கண்ணர் அடிக்கடி விசாரித்தார்.

மாசித் திருவிழாவும் வந்தது. சபை நிரம்பியிருந்தது. எல்லோரும் பல்லக்கை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டினார்கள். பல்லக்கு வரவில்லை. அரசர் நடந்து வந்தார்! இடக்கையில் தடி, நிமிர்ந்த முதுகு. வலி முழுதும் போய்விடவில்லை. ஆனால் அவர் இப்போது அதற்கு அஞ்சவில்லை. அரையடி பின்னால், அவரைவிட மெதுவாகக் குழைக்காதர் வந்தார்.

"பிரதானி, இவர் எம்மைவிட நன்றாக நடந்தாரா?"

"இ... இல்லை, பிரபு."

"ஆணைக்கு அடங்க இரண்டு வழி இருந்தது" என்றார் குழைக்காதர் பணிவாக. "ஒன்று, நான் கெட வேண்டும். மற்றது, தாங்கள் தேற வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்."

"ஏமாற்று! இவனுக்கு மூட்டு வலியே இல்லை!" என்று கத்தினார் சிங்கண்ணர். "எங்களுக்குத்தான் மெய்யான வலி!"

அரசரின் கண்கள் மின்னின. "அப்படியா? எல்லோரும் இந்தப் படிகளில் இறங்குங்கள். பார்ப்போம்."

சிங்கண்ணர் வலது காலை நொண்டி, வலக்கையிலேயே தடியூன்றி, நல்ல காலை முதலில் கீழே வைத்து, "ஆ... ஊ..." என்று முனகிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே இறங்கினார்கள். குழைக்காதர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, நோகிற இடது காலை முதலில் இறக்கினார்.

"நில்லும், பிரதானி!" அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல கால் முதலில் இறங்கினால், உடம்பின் பாரத்தையெல்லாம் மேலே நிற்கிற நோகும் மூட்டல்லவா மடங்கித் தாங்க வேண்டும்? அப்படி இறங்கி எமக்கு உயிர் போயிற்றே! நீரோ மான்குட்டிபோல் இறங்குகிறீர்!"

சபையில் தடிகள் ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் மறைந்தன.

"வலி என்றவர்களுக்கு வைத்தியம் செய்யாமல் விடுவது தர்மமன்று. நொண்டியவர் அனைவருக்கும் கசப்புக் கஷாயம்; பாயசம் கிடையாது; விடியலில் எம்மோடு நடை! குழைக்காதரே, அந்த முத்துமாலை இனி உமக்கு. சபையில் சாய்மானம் வைத்த உயரமான ஆசனமும் உமக்கு."

"பிரபு, ஆசனம் இரண்டாகக் கிடைக்குமா? வீட்டில் இன்னொரு முட்டி இருக்கிறது. அது பேசவும் பேசும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். மறுநாளே அங்கயற்கண்ணியின் வீட்டுக்கு ஓர் ஆசனம் போய்ச் சேர்ந்தது. அதைச் சுமந்துகொண்டு படியேறியவர் பிரதானி சிங்கண்ணர். அவர் கொஞ்சமும் நொண்டவில்லை.