இரண்டு பானையும் குடித்த பன்றி

ஒரு காட்டில் ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓடையை அடைத்துக் கிடந்த மரத்தைச் சேர்ந்து தள்ளியதன் பலன்.

அடுத்த மாதம் மழை. மழை வந்தால் அந்தப் பள்ளக்காடு முழுகிப்போகும். அதற்குள் எல்லாரும் மலை ஏறியாக வேண்டும். இடுப்பு தேறாதவன் வெள்ளத்தோடு போக வேண்டியதுதான்.

கரடி வைத்தியர் ஒரு வேரை இடித்துக் கஷாயம் வைத்தார். "இதைக் குடித்தால் வலி நிரந்தரமாகத் தங்காது" என்றார்.

"குடிக்காவிட்டால்?" என்று கேட்டது ஆமை.

"தங்கிவிடும்."

"போன வருஷம் மானுக்கு இப்படித்தான் பிடித்தது. ஒன்றும் குடிக்கவில்லை. பத்தே நாளில் துள்ளியது. சோதித்துவிட்டுப் பேசும், வைத்தியரே."

கரடிக்குக் கோபம்தான். ஆனாலும் நேர்மையானவர். சரி என்றார்.

ஆமை இரண்டு பானை வைத்தது. ஒன்றில் கஷாயம், மற்றதில் வெறும் கசப்புத் தண்ணீர். தினமும் காலையில் ஆறு பேருக்கு ஒரு பானை, மாலையில் மீதி ஆறு பேருக்கு மற்றது. பன்னிரண்டு பேரும் சம்மதித்தார்கள். ஊற்றிக் கொடுக்கக் குரங்கு.

"எது எதில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றது ஆமை.

"என்னிடமுமா சொல்லமாட்டாய்?" என்றார் கரடி.

"உம்மிடம்தான் சொல்லவே கூடாது."

காலை வரிசையில் ஒரு பன்றி. கெட்டிக்காரன் என்று அதற்கு நினைப்பு. 'இரண்டையும் குடித்தால் அசல் எப்படித் தப்பும்?' காலையில் குடித்தது. மாலையில் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு வேறு பன்றிபோல் வந்து மறுபடியும் குடித்தது. குரங்குக்கு எண்ணத் தெரியாது.

குடித்ததும் பக்கத்துச் சேற்றுக்குழியில் படுத்துக்கொள்ளும்.

"கொஞ்சம் நடயேன், அண்ணே" என்றது முயல்.

"நான் எதற்கு நடக்கணும்? உள்ளே மருந்து வேலை செய்யுது. நீ நட."

முயலும் நடந்தது. மற்றவர்களும் நடந்தார்கள். நமக்கு வாய்த்தது வெறும் தண்ணீரோ என்னவோ என்ற பயம்.

முப்பதாம் நாள் ஆமை எண்ணியது. காலை வரிசையில் பன்றியைத் தவிர ஐந்து பேரும் தேறியிருந்தார்கள். மாலை வரிசையில் ஆறு பேரும் தேறியிருந்தார்கள்.

"எதில் இருந்தது என் கஷாயம்?" என்றார் கரடி.

"எதில் இருந்தால் என்ன?"

கரடி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மிச்சக் கஷாயத்தைப் புதரில் கொட்டினார்.

இடி இடித்தது. எல்லாரும் கிளம்பினார்கள். பன்றி மட்டும் எழவில்லை.

"எழுந்திரும், பன்றியாரே" என்றார் கரடி.

"முடியலை, வைத்தியரே. காலைப் பானையும் குடிச்சேன், மாலைப் பானையும் குடிச்சேன். மூணாவது பானை ஏதாவது இருக்கா?"

"இருக்கு. மலை உச்சியில்" என்றது யானை. நெற்றியைக் கொடுத்துப் பின்னாலிருந்து தள்ளியது.

பன்றி வழியெல்லாம் முனகிக்கொண்டே ஏறியது. எல்லாருக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெள்ளத்துக்கு முன்னால்.

நீதி: சோதிக்காத மருந்தை நம்பாதே. நம்பிப் படுத்துக் கிடக்கவும் செய்யாதே.