சடையாண்டியின் கைநாட்டு

சடையாண்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மூத்தவன் தவமணி ஊர்ச் சாவடியில் ஓர் உயிலை எடுத்து நீட்டினான். கிணறும் தோட்டமும் அவனுக்கே. ஆடு மேய்த்து அப்பனுக்குக் கஞ்சி ஊற்றிய தங்கச்சி பூவாயிக்கு ஒன்றுமில்லை.

"கீழே இருக்கிறது அப்பா கைநாட்டு. பொய்யின்னா நிரூபி பார்ப்போம்!" என்று பட்டணத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பூவாயி காகிதத்தை உற்றுப் பார்த்தாள். "அப்பா ரேகையேதான். எப்ப வச்சாருண்ணே?"

"போன தைப்பொங்கலுக்கு, என் கண்ணு முன்னால."

"அன்னைக்குக் கைகிய்யி நடுங்குச்சோ?"

"நடுக்கமா? சுயநினைவோட, கல்லு மாதிரி இருந்தாரு!"

சாவடியே கொல்லென்று சிரித்தது. பொங்கலுக்கு வந்து பொழுதோடு திரும்புகிற தவமணிக்குக் காரணம் புரியவில்லை. ஊர்த்தலைவர்தான் சொன்னார்: "அஞ்சு வருஷத்துக்கு முந்தியே உன் தங்கச்சி அவருக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்துட்டாடா. அதுலேருந்து பாங்குல யாராவது மை டப்பாவ நீட்டினா, 'பேனாவக் குடுய்யா'ன்னு சண்டைக்கே போயிருவாரு."

தவமணிக்கு வேர்த்துவிட்டது. "ரேகை அப்பாவோடதுதான்னு இவளே சொன்னாளே!"

"இப்பவும் அதத்தான் சொல்றேன்" என்றாள் பூவாயி. "உயிரோட இருந்த எங்கப்பாவுக்குப் பேனா பிடிக்கத் தெரியும். பொணத்துக்குத்தாண்ணே தெரியாது."

தவமணியின் தலை கவிழ்ந்தது. தலைவர் உயிலை நாலாகக் கிழித்துப்போட்டு, சரிபாதிப் பங்கென்று புதுக் காகிதம் எழுதினார். பழக்கதோஷத்தில் யாரோ பூவாயி பக்கம் மை டப்பாவைத் தள்ளினார்கள்.

"பேனாவக் குடுய்யா" என்றாள் சடையாண்டி மகள்.