கொல்லிமலைப் பரீட்சை

நாமக்கல்லில் சடையப்பன் என்று ஒரு லாரி கிளீனர். அவருடைய மகள் பூங்கொடி, கார் மெக்கானிக் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரியென்று அவளை ஊரிலேயே பெரிய தனியார் பயிற்சிக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார்.

தாளாளர் தணிகாசலம் சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டே சொன்னார்: "ஒன்றரை லட்சம். சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா சீட்டு போயிடும்."

"வீட்டை அடமானம் வெச்சாவது கட்டிடறேனுங்க. ஒரே ஒரு ஆசை. வாசல்ல நிக்கிற உங்க கார் பிரேக்கை உங்க கடைசி வருசப் பசங்க கழட்டி மாட்டட்டும். நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். கொல்லிமலையோட எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிட்டு வந்து பணம் கட்டறேன்."

தாளாளர் பதறிப்போனார். "என் காரையா? கம்பெனி சர்வீஸ் ஆளுங்களைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது!"

சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க. என் வீட்டைக் காப்பாத்திட்டீங்க."

அடுத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போய் அதையே கேட்டார். மெர்லின் டீச்சர் சிரித்தபடி தன் ஸ்கூட்டரைக் காட்டினார். "நேத்து இதுக்கு பிரேக் மாத்தினது எங்க கிளாஸ் பொண்ணுங்கதான். தினமும் என் குழந்தையை இதுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பூங்கொடி அங்கேயே சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து, தணிகாசலத்தின் கார் கம்பெனி சர்வீசுக்கு வந்தது. மறுநாள், பிரேக்கைச் சரிசெய்துவிட்டுச் சாவியோடு அவர் முன்னால் வந்து நின்றவள் பூங்கொடி. கையில் ஒரு லட்டு டப்பா.

"அன்னைக்கு உண்மையைச் சொன்னீங்களே, அதுக்கு அப்பா குடுத்து விட்டாரு சார். இப்ப தைரியமா கொல்லிமலை போயிட்டு வாங்க."