உப்புக் கரிக்கும் மருந்து

முத்திருளன் வீட்டை விட்டு வந்து மலையடிவார மடத்தை நடத்தும் துறவி அம்மாவிடம் சீடனாகச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகின்றன. தினமும் காவி கேட்டான். தினமும் அம்மா அவனை அரிசி களையச் சொன்னார்.

அன்று மதியம் அம்மாவே கேட்டார். "காவி எதுக்குப்பா?"

"பாவம் பண்ணிட்டேம்மா. அக்கா மகளைக் கட்டினேன்."

"நம்ம பக்கம் கட்டுறதுதானே."

"தெரிஞ்ச ரத்தம், பிள்ளைக்கு ஒரு குறையும் வராதுன்னாங்க. அந்த ரத்தம்தான் வெனையாச்சு."

அவன் மகள் மகிழ்மதிக்கு ஐந்து வயது. காது கேட்காது. கால் வளைந்திருக்கும். உடம்பில் சேரும் அமிலத்தை வெளியே தள்ள, செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பம்பு ஒன்று ஓடுகிறதாம். அந்தப் பம்பின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு அவளுக்குப் பழுது. அப்பாவிடமிருந்து ஒன்று, பெற்றவளிடமிருந்து ஒன்று, இரண்டுமே பழுது. டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

"எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு நல்லது இருக்கு. அதனால நல்லா இருக்கோம். அவளுக்குக் கெட்டதைப் பார்த்துக் கொடுத்திருக்கோம். இதை எங்கே போய்க் கழுவுறது?"

அம்மா வேறொன்று கேட்டார்.

"மருந்து உண்டா?"

"உண்டு. ஆயுசுக்கும் குடிக்கணும். உப்புக் கரிக்கும், துப்பிருவா."

"அப்புறம் எப்படிக் குடிக்கிறா?"

முத்திருளன் கூச்சப்பட்டான். "நான் ஒரு மூஞ்சி வைப்பேன்."

"வை, பார்ப்போம்."

கன்னத்தை உப்பினான். கண் இரண்டையும் மூக்குப் பக்கம் திருப்பினான். இரண்டு காதையும் பிடித்து இழுத்தான். அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இப்பத்தான் கரண்டியை உள்ளே விடணும்."

"இதை எங்கே படிச்சே?"

"மகிழ்மதியோட அம்மாவுக்குக் காது குத்தினப்ப வச்சதும்மா. மாமன் மடியிலதானே உக்கார வைப்பாங்க. நான் அப்ப அரைக்கால் சட்டை. அவ மொட்டைத் தலையில சந்தனம், என் மடியெல்லாம் பொரிகடலை. ஆசாரி கம்பியை எடுத்ததும் வீல்னு கத்தினா. பயந்துபோய் இப்படி வச்சேன். சிரிச்சா. அதுக்குள்ள குத்திட்டார். எங்க ஆத்தாவெல்லாம் அப்ப இருந்தாங்க. பந்தல் நிறைய ஆளு..."

வேட்டியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டான்.

"மணவறையில உக்காந்திருக்கையிலயும் அந்த மூஞ்சியை வைங்க மாமான்னு ரகசியமாச் சொன்னா. ஐயர் திட்டினார்."

"நீ இங்கே இருக்கே. இப்ப யாரு வைக்கிறா?"

"அவதான். ஆனா அவளுக்கு வராதும்மா. பாதியில அழுதிருவா."

அம்மா எழுந்து உள்ளே போனார். அவனுடைய பையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

"அந்தச் சொந்தத்துலருந்து பழுது மட்டும்தான் வந்துச்சா? இந்த மூஞ்சியும்தானே வந்துச்சு. கிளம்பு. சாயங்கால மருந்துக்குப் போயிரலாம்."